படலைக்கு முப்பத்தொரு அடி

பொலித்தீன் கருகும் மணம் ஒன்று இருக்கிறது. குப்பையில் எரியும் பிளாஸ்ரிக்கின் நாற்றம் அல்ல அது. விளிம்பு மட்டும் உருகி, உருகியதும் ஒட்டி, ஒட்டியதும் ஆறிப்போகிற அந்தக் கண்ணிமைப்பின் மணம். சென்ற கிழமை சுன்னாகத்தில் ஒரு கடையில் மிக்சர் பை ஒட்டுகிற மெசினில் இருந்து அது கிளம்பி வந்தது. கடைக்காரர் பையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"என்னக்கா, சும்மா நிக்கிறியள்?" என்றார்.

மணம் ஒரு பக்கம், அந்தச் சொல் மறுபக்கம். இரண்டும் சேர்ந்து என்னைத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் தகரக் கொட்டில் ஒன்றுக்குள் தள்ளிவிட்டன. அங்கே ஒருவர் இடுப்பில் சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, வாரில்லாத ஆண்பிள்ளை மணிக்கூடு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு, "சும்மா" என்று யாராவது சொல்லிவிட்டால் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு திரும்புவார்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. நாங்களும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரே அக்கா என்போம், முதுகுக்குப் பின்னால் மணிக்கூடு என்போம். இரண்டும் அவருக்குத் தெரியும். "மணிக்கூடு" சின்னச் சொல்லாக இருந்திருந்தால் அதையே நேரிலும் கூப்பிடச் சொல்லியிருப்பார். அக்கா என்பதில் எழுத்துக் குறைவு.

நீர்வேலியில் எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு கொட்டில் இருந்தது. போரில் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களிலும் கோயில் மடங்களிலும் கிடந்த பிள்ளைகளுக்கு அங்கே சத்துமா செய்தோம். உதவி செய்கிற நிறுவனம் ஒன்று தானியமும் மண்ணெண்ணெயும் தரும். நாங்கள் ஏழு பெண்கள் அரிசி, பயறு, உழுந்து, சோளம், எள்ளைக் கழுவி, காயவைத்து, வறுத்து, ஆறவிட்டு, திரித்து, அரித்து, நிறுத்து, பையில் போட்டு ஒட்டிக் கொடுப்போம். வறுப்பு விறகில். திரிப்பு மில்லில். மில்லை ஓட்டியது, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து அலுத்த ஒரு வாட்டர் பம்பின் இஞ்சின். ஒட்டுவது என் வேலை. பையின் வாயை மடித்து, இரும்பு அறுக்கிற வாளின் தகட்டை மடிப்பில் வைத்து, வெளியே நீளும் விளிம்பை ஜாம் போத்தல் விளக்கின் சுடரோரம் ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். மெல்ல இழுத்தால் ஓட்டை. கெதியாய் இழுத்தால் ஒட்டாது. இரண்டுக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது அந்த மணம்.

ஏழாவது ஆளாக அக்கா வந்தார். மயிலிட்டியில் இருந்து இடம்பெயர்ந்து, எங்கள் ஊரில் யாரோ ஒரு சொந்தக்காரரின் பின்வளவில் இருந்தார். மாவைச் சலித்து அரிக்க விட்டோம். முதல்நாள் ஒரு மணித்தியாலம் அரிதட்டைக் கையிலே வைத்துக்கொண்டு அரிக்காமல் நின்றார். எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார் என்று பிறகுதான் தெரிந்தது.

"தவமணி," என்றார், வறுப்பில் நின்ற தவமணி அக்காவிடம். "நீ ஒரு சட்டி வறுத்து முடிக்க எத்தினை அடி நடக்கிறாய் தெரியுமே?"

தவமணி அக்கா கொட்டிலின் வாய். அவருக்குப் பதில் இல்லாத கேள்வி கிடையாது. "நான் வறுக்க வந்தனான், நடக்க வரேல்லை."

"இருநூறு அடி. விறகு அங்கை, அடுப்பு உங்கை, ஆறவிடுற பாய் வேறை ஒரு கோடியிலை. இருபது சட்டிக்கு நாலாயிரம் அடி. நீ ஒவ்வொரு நாளும் கோப்பாய்ச் சந்தி வரைக்கும் நடக்கிறாய்."

"அப்பிடியே? சந்தியிலைதான் என்ரை மச்சாள் இருக்கிறா. ஒருநாளும் காணேல்லையே."

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். ஆனால் அடுத்த நாள் காலையில் பாய் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது, விறகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, தரையில் கரித்துண்டால் கோடுகள் கீறப்பட்டிருந்தன. இந்தக் கோட்டில் சட்டி போகும், அந்தக் கோட்டில் கடகம் வரும், இரண்டும் முட்டக்கூடாது. ஒரு கிழமைக்குள் தவமணி அக்கா கோப்பாய்ச் சந்திக்குப் போவது நின்றது. கால் உளைவும் நின்றது. அதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை, குளிர்காலம் போனபடியால்தான் என்றார்.

நடையில் அவருக்கு மிகவும் பிடிக்காத நடை ஒன்று இருந்தது. வந்தவரை வாசல் படலை வரை கொண்டுபோய் விடுகிற நடை. நம் ஊரில் வீட்டுக்குள் கதைத்த கதை ஒரு பங்கென்றால், போட்டு வாறன் என்று எழும்பிய பிறகு படலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு கதைக்கிற கதை இரண்டு பங்கு. கொட்டிலுக்கு யார் வந்தாலும் நாங்கள் ஒருத்தியாவது கூடப் போவோம்.

"படலைக்கு முப்பத்தொரு அடி," என்பார் அக்கா. "போக முப்பத்தொண்டு, வர முப்பத்தொண்டு. வந்தவைக்கு வழி தெரியாதே? வந்த வழிதானே."

"ஒரு மரியாதைக்கக்கா."

"மரியாதையை இருந்த இடத்திலை இருந்து குடு."

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். மயிலிட்டிக் கரையில், வள்ளங்களுக்கு ஐஸ் ஏற்றுகிற இடத்தில் அவர் வேலை செய்திருக்கிறார். "ஐஸ் கட்டி ஆரையும் பாத்துக்கொண்டு நிக்காது, பெட்டை. நீ பக்கத்திலை நிக்கிறவளோடை ஒரு கதை கதைச்சு முடிய, அது மீனைக் குளிரப் பண்ணாமல் மண்ணைக் குளிரப் பண்ணிப்போட்டுப் போயிடும்." அதற்குமேல் மயிலிட்டியைப் பற்றிச் சொல்லமாட்டார். வீட்டையும் கடலையும் விட்டுவந்தவர்கள் எல்லோரும் கிணற்றைப் பற்றியும் முருங்கையைப் பற்றியும் சொல்லிச் சொல்லி அழுத காலம் அது. அக்கா உருகிப்போன ஐஸைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார். அல்லது அப்படித்தான் நான் அப்போது நினைத்தேன்.

பிறகு அடுப்பு. பின்னால் இன்னொரு வாய் வைத்த அடுப்பொன்றை மண்ணும் தும்பும் குழைத்துத் தானே கட்டினார். முன்வாயில் அரிசி வறுபடும். தப்பி ஓடுகிற நெருப்பு பின்வாயில் அடுத்த சட்டிப் பயற்றைச் சூடாக்கி வைக்கும். அரிசி முடிய நெருப்பு தணியும், தணிந்த நெருப்பில் பயறு, தணலில் எள்ளு, கடைசிச் சாம்பல் சூட்டில் கேத்திலில் எங்கள் தேத்தண்ணி. எரிந்த விறகு எழுந்து போய் ஓய்வெடுக்க அவர் விடவில்லை.

"விறகுக்கும் இடுப்பு நாரி நோகுமடி," என்றார் தவமணி அக்கா.

ஒரு முற்பகல் குண்டு போடுகிற பொம்மர் வந்தது. சத்தம் கேட்டதும் ஆறு பேரும் பங்கர்க் குழிக்குள் பாய்ந்துவிட்டோம். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. தவமணி அக்கா வாசலில் தலையை நீட்டிக் கூப்பிட, அங்கே கொட்டிலுக்குள் அக்கா ஒவ்வொரு கொள்ளியாக அடுப்பில் இருந்து இழுத்து மண்ணில் குத்திக்கொண்டிருந்தார். கடைசிக் கொள்ளியையும் குத்திவிட்டு, சட்டியையும் இறக்கிவிட்டு, அவசரமில்லாமல் அல்ல, ஆனால் நேர்கோட்டில் வந்து பங்கருக்குள் இறங்கினார்.

"உங்களுக்கு மண்டை பிழையே?" என்றார் தவமணி அக்கா.

"நாங்கள் இஞ்சை இருக்க அது அங்கை சும்மா எரியும். பயறும் கருகும். ஆர் வந்து பதில் சொல்லுறது, மேலை சுத்துறவனே?"

எங்கேயோ தூரத்தில் விழுந்தது. பங்கரின் மண் எங்கள் தலையில் உதிர்ந்தது. அக்கா உள்ளங்கையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு இருந்தார். அன்றைக்கு அதில் நேரம் பார்க்கவில்லை. விரல்களை மூடி அதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அவருக்கும் எனக்கும் நாளாந்தம் ஒரு வழக்கு இருந்தது. என் மேசை வாசலைப் பார்த்தபடி இருந்தது. வாசலுக்கு வெளியே வாழைத்தோட்டம், அதற்கு மேலே முழு வானம். நான் ஒரு பை ஒட்டுவேன், ஒரு முகில் பார்ப்பேன்.

"உன்ரை விளக்குக் காலமை தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் எரியுது. நீ ஒட்டுறது எவ்வளவு நேரம்?"

"நாள் முழுக்கத்தான் அக்கா."

"இல்லை. பாத்தனான். அரைவாசி நேரம் வானத்தைப் பாக்கிறாய்."

"முகில் வடிவாயிருக்கு."

"முகிலுக்கு விளக்குத் தேவையில்லை. அதை நூத்து அணைச்சுப்போட்டுப் பார்."

அன்றில் இருந்து பைகளை மடித்து உடுப்புக் கொழுவுகிற கிளிப் போட்டு அடுக்கி வைத்துவிட்டு, நூறு சேர்ந்த பிறகுதான் விளக்கைக் கொளுத்த வேண்டும். திரி ஓர் உழுந்தளவுக்கு மேல் நீளக்கூடாது. என் மேசையில் ஒரு உழுந்து எப்போதும் கிடக்கும், அளந்து பார்க்க. நான் அதை இரண்டு முறை தொலைத்தேன். மூன்றாம் முறை, "சாக்கு நிறைய ஒரு அந்தர் உழுந்து கிடக்கு, எடு," என்றார். அவர் பகிடி விட்டது அபூர்வம் என்பதால் இன்னும் நினைவிருக்கிறது.

இதெல்லாம் விளையாட்டுப்போலப் போய்க்கொண்டிருக்கும்போது ஒருநாள், நிறுவனம் தரும் சாமானுக்குப் பொறுப்பான கிராமச் சங்கச் செயலாளர் ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மண்ணெண்ணெய் இனிப் பாதிதான் வருமாம். பைகளின் எண்ணிக்கை குறைந்தால் தானியத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஒரு மாதத் தவணை.

தவமணி அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், புருசன் எங்கே என்று தெரியாது. எங்கள் வீட்டில் அப்பா பாயோடு, உழைக்கிறவள் நான் ஒருத்தி. கிழமைக்குக் கிடைக்கிற கூலியும் இரண்டு கிலோ மாவும்தான் ஏழு வீட்டு உலைகளும்.

"பாதி காணும், போதும்," என்றார் அக்கா.

செயலாளர் ஐயா அவரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அந்த முகத்தில் கவலையில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், அது கலியாண வீட்டுக்கு அழைப்பு வந்த முகம்.

இஞ்சினை நாள்தோறும் தொடக்குவது நின்றது. தொடக்கத்தான் செலவு அதிகம். பெற்றோல் சொட்டு விட்டு, இருமி, புகைந்து, சூடாகி, அதன்பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாறும். கிழமைக்கு இரண்டே தொடக்கல், தொடக்கினால் எல்லாத் தானியமும் முடியும்வரை நிற்பாட்டு இல்லை. தேய்ந்த மில்லுக் கல்லை உளியால் கொத்துவித்தார். தொய்ந்த பெல்ற்றை வெட்டித் தைப்பித்தார். மில் வெறுவாயோடு சுற்றக்கூடாது என்று, தொடக்க முதலே கடகங்களை ஒன்றன்பின் ஒன்றாக மில்லின் வாய்வரை வரிசையாக வைத்தார். பிள்ளைப்பேறு பார்க்கிறவர்களைப்போல நாங்கள் பக்கத்தில் காத்திருப்போம். மாத முடிவில் பைகள் குறையவில்லை. இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் மிச்சம். அந்த இரண்டு போத்தலையும் அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த விதத்தை மாப்பிள்ளை படம் பார்க்கும் பெண்களிடம்தான் பிறகு கண்டிருக்கிறேன்.

வெற்றி அவரைக் கொஞ்சம் கெடுத்தது. ஒரு தொடக்கலில் ஒரு வேலை மட்டும் ஏன் என்று, ஊராரின் மிளகாய்த்தூளையும் அதே ஓட்டத்தில் திரித்துக் கொடுக்கத் துணிந்தார். பதிலுக்கு அவர்கள் விறகு தருவார்கள். முறை என்னவென்றால் சத்துமா முதலில், தூள் கடைசியில். அடுத்த ஓட்டத்துக்கு முன் ஒரு சுண்டு, அதாவது ஒரு குவளை, அரிசியைத் திரித்துக் கல்லைத் துடைக்க வேண்டும். ஒருநாள் வறுத்த தானியம் ஆறவில்லை, இஞ்சினோ தொடக்கியாயிற்று. அது சும்மா ஓடுவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஆறும்வரைக்கும் என்று வறுத்த செத்தல் மிளகாயை மில்லுக்குள் கொட்டினார். பிறகு கல்லைத் துடைக்க ஒரு சுண்டு அரிசிக்குப் பதிலாக இரண்டு பிடி.

"ரெண்டு பிடி காணுமே அக்கா?" என்று தவமணி அக்கா கேட்டதை நான் கேட்டேன்.

"காணும்."

காணவில்லை. அரிக்கும்போதே தும்மல் பிடித்தது. முதல் முப்பது கிலோ சத்துமா, யாழ்ப்பாணத்துக் குழந்தைகளுக்கே உறைக்கிற சத்துமா. நல்லவேளை, பையில் போட முன்பே தெரிந்தது. எறிவோம் என்றோம். எறிவதா. அக்கா பத்துக் கிலோவைத் தன் கூலி மாவுக்குப் பதிலாக எடுத்துக்கொண்டார், மிச்சத்தைக் கோதுமை மாவோடு கலந்து ரொட்டியாக்கலாம் என்று எங்களுக்கும் வஞ்சகமில்லாமல் பங்கிட்டார். ஐந்து கிழமை அவர் காலைச் சாப்பாடு அதுதான். கண்ணில் நீர் வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு துளியும் சிந்தாமல் உருண்டை பிடித்துச் சாப்பிடுவார்.

"அழாதேங்கோ அக்கா," என்பார் தவமணி அக்கா. "ரெண்டு பிடிதானே."

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு சுண்டு அரிசியைத் தானே அளந்து போட்டார். தலை தட்டி.

ஆனால் கொட்டில் இப்போது தண்ணீர்போல ஓடியது. பின்னேரம் மூன்று மணிக்கே வேலை முடிந்துவிடும். ஒருத்தி மற்றவளுக்குப் பேன் பார்ப்பாள். நான் விளக்கை அணைத்துவிட்டு முகில் பார்ப்பேன், சட்டப்படி. அப்படியொரு மூன்று மணிக்குச் செயலாளர் ஐயா வந்தார். எங்களைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அங்கே அக்காவின் கரிக் கணக்கு. அடிகள், சட்டிகள், நிமிடங்கள். அடியில் வட்டமிட்டு ஒரு எண்.

"இதென்ன ஆறு?"

அக்காவுக்குப் பொய் வராது. அதற்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும், அது வீண்.

"ஆறு பேர் காணும்," என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்ததுபோல முகம் மாறியது.

"அப்ப வாற திங்கள் தொடக்கம் ஆறு பேர். ஆரெண்டு நீங்களே சொல்லுங்கோ. உங்களுக்குத்தானே கணக்குத் தெரியும்."

அவர் போனதும் தவமணி அக்கா பேன்சீப்பைத் தரையில் வைத்தார். "நல்லாய்த்தான் இருக்கு. எங்களை நடக்க விடாமல் பண்ணினது, வீட்டிலை இருத்தத்தான் எண்டு தெரியாமல் போச்சு."

யார் அந்த ஒருத்தி என்று யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கும்தான். ஏழு பேரில் கை மெல்லியவள், கண் அலைகிறவள், உழுந்தைத் தொலைத்தவள். அடுத்த மூன்று நாளும் நான் வானம் பார்க்கவில்லை. சுடரில் விரல் நுனியைச் சுட்டுக்கொண்டு, நிமிராமல் ஒட்டினேன். நிமிர்ந்தால் அக்கா பக்கத்தில் நிற்பார், உள்ளங்கையில் மணிக்கூடு. என்னைத்தான் எண்ணுகிறார். அப்பாவின் மருந்துப் போத்தலில் எத்தனை நாளுக்கு மிச்சம் என்று நான் வீட்டில் எண்ணினேன். கொட்டிலில் ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. தவமணி அக்கா அவருடைய கரிக்கோடுகளுக்குக் குறுக்கே வேண்டுமென்றே நடந்தார்.

வெள்ளி பின்னேரம் அக்கா சுவருக்கு முன்னால் போய் நின்றார்.

"வறுக்க ரெண்டு பேர். கழுவ ஒராள். மில்லுக்கும் அரிக்கவும் ரெண்டு. நிறுத்துத் தர முந்தி ஒராள் நிண்டது, இப்ப தராசு தொங்குறபடியால் பை ஒட்டுறவளே நிறுப்பாள். ஆறு." திரும்பினார். "நான் அரிக்கிறதை விட்டு நாலு மாதம். மணிக்கூட்டையும் உங்கடை காலையும் பாத்துக்கொண்டு நிக்கிறன். இந்தக் கொட்டிலிலை வேலையில்லாமல் நிக்கிறது நான் ஒராள்தான்."

தவமணி அக்கா கரிக்கோட்டின்மேல் இருந்த காலை எடுத்தார்.

"கை மெதுவெண்டு நினைச்சன் இவளை," என்று என்னைக் காட்டினார். "மூண்டு நாளாய்ப் பாத்தன். கெதியாய் ஒட்டின பையிலை பத்துக்கு ஒண்டு பிரியுது. முகில் பாத்து ஒட்டினதிலை ஒண்டும் பிரியேல்லை. பாக்க விடுங்கோ."

"நீங்கள் எங்கை போறது?" தவமணி அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"நெல்லியடிப் பக்கம் ஒரு பேக்கரியாம். போறணை அடுப்பு நாள் முழுக்கச் சும்மா எரியுதாம்." அந்தக் கொடுமையைச் சொல்லும்போது கண் மினுங்கியது. "பாண் போடுறது காலமை மட்டுந்தானாம்."

நெல்லியடிக்காரர் ஒரு மாதம் முன்பே கேட்டுவிட்டார்கள், அவர் போகத்தான் இருந்தார் என்று தவமணி அக்கா பிறகு விசாரித்து வந்து சொன்னார். நன்றிக்கடனில் இருந்து தப்ப தவமணி அக்காவுக்கு அது உதவியது. எனக்கு அது உண்மையாகவும் பட்டது, எனக்காகப் போனார் என்பதும் உண்மையாகப் பட்டது. ஒரே தொடக்கலில் இரண்டு வேலை முடிப்பவர்தானே.

திங்கட்கிழமை காலை, எல்லோரும் வேலையில் இருக்கும்போது சொல்லிக்கொண்டு போக வந்தார். சைக்கிள் கரியரில் ஒரு பை மட்டும். சைக்கிளைப் படலையிலேயே சாத்தியிருந்தார். அதை உள்ளே உருட்டி வெளியே உருட்டுவது வீண். தவமணி அக்கா சட்டியை விட்டு எழும்பப் பார்த்தார்.

"எழும்பாதை. பயறு கருகும்." என் பக்கம் திரும்பினார். "நீயும் இரு. முப்பத்தொரு அடி."

"ஓம் அக்கா."

"போட்டு வாறன்."

கோட்டில் நடந்து போனார். நான் இருந்த இடத்தில் இருந்து மரியாதை கொடுத்தேன். வாசலால் பார்க்க, படலையில் சைக்கிளை நிமிர்த்துவது தெரிந்தது. நிமிர்த்தியவர் அப்படியே நின்றார். பிறகு சைக்கிளைத் திரும்பவும் சாத்தினார். வெறுங்கையோடு, வாழைகளின் ஓரமாக, எந்தக் கோட்டிலும் இல்லாமல் திரும்பி நடந்து வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"என்னக்கா, என்னத்தை விட்டிட்டியள்?"

அவர் மேசையைப் பார்த்தார். பை ஒன்றும் அடுக்கியிருக்கவில்லை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது, திரி ஓர் உழுந்தைவிட நிச்சயமாக நீளம். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே நான் பார்க்கிற பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"ஒண்டையும் விடேல்லை, பெட்டை," என்றார். "சும்மா வந்தனான்."